எட்டு விநாடிக் கோபம்

எனக்குக் கோபம் அதிகம் என்று இந்தக் கட்டடத்தின் நாலு மாடிக்கும் தெரியும். தெரியாதவர் ஒரே ஒருவர்தான். அவரோடுதான் முப்பத்தொரு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். இது அவருடைய கதை. நடுநடுவே நானும் வருவேன். வராமல் எப்படி இருப்பது, வாய் இருக்கிறதே.

என் வீட்டுக்காரர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். இருபத்தேழு வருடம் ஒரு சின்ன அறை, ஒரு நாற்காலி, காதில் ஒரு ஹெட்போன். போன் செய்கிறவர் "ஹலோ" சொல்கிற விதத்திலேயே பிரசவ வார்டா, எலும்பு வார்டா என்று கண்டுபிடித்துவிடுவார். நான் நம்பவில்லை. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பத்துக்கு எட்டு சரியாக இருந்தது. பிரசவ வார்டைக் கேட்கிறவர்களுக்கு மூச்சு வாங்குமாம், எலும்பு வார்டைக் கேட்கிறவர்கள் அலுத்துக்கொள்வார்களாம். சிலர் லைன் கிடைத்த பிறகும் பேச முடியாமல் நிற்பார்கள். அவர்களிடம் இவர், "மெதுவாச் சொல்லுங்க, நான் லைன்லதான் இருக்கேன்" என்பார். எனக்கெல்லாம் அவ்வளவு பொறுமை கிடையாது. "பேசப் போறீங்களா, வைக்கட்டுமா?" என்று கேட்டிருப்பேன்.

பிறகு ஆஸ்பத்திரியில் மெஷின் வந்தது. ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று அதுவே பேச ஆரம்பித்ததும் இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாலு மாதம் வீட்டில் இருந்தார். நான் பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தத்தை வைத்து, "என்ன, தலைவலியா?" என்று கூடத்திலிருந்து கேட்பார். தலைவலிதான். ஆனால் நாள் பூரா ஒரு மனுஷன் நம்முடைய காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் தலைவலி வராது? வெளியூரில் இருக்கும் எங்கள் மகள்தான் அப்பாவுக்கு ஒரு வேலையைத் தேடிக் கொடுத்தாள். புண்ணியவதி, நன்றாக இருக்கட்டும்.

பேட்டரிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. பன்னிரண்டு கம்ப்யூட்டர், பன்னிரண்டு பேர், மூலையில் ஒரு தண்ணீர் கேன். மனிதர்கள் பேசுவதைப் புரிந்துகொள்ளக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கிறார்களாம். அதற்காகச் சம்மதம் சொன்ன குடும்பங்களின் போன் பேச்சை வாங்கி, எட்டெட்டு விநாடியாக வெட்டி வைத்திருப்பார்கள். ஒரு துண்டைக் கேட்க வேண்டும், பேசுகிறவரின் மனநிலை என்னவென்று ஓர் அடையாளம் போட வேண்டும். கோபம், வருத்தம், மகிழ்ச்சி, பயம், சாதாரணம். எதிலும் சேராவிட்டால் 'மற்றவை'. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுக்குப் போய்ப் பன்னெண்டு பேரா? எங்கிட்ட குடுங்க, ஒரே நாள்ல முடிச்சுத் தர்றேன்" என்றேன்.

"நீ எல்லாத்துக்கும் கோபம்னு போட்டுட்டு எந்திரிச்சு வந்துருவே" என்றார்.

ஆனால் விஷயம் அவ்வளவு லேசு இல்லை. ஒரே துண்டு மூன்று பேருக்குப் போகும். ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியாது, பேசிக்கொள்ளவும் கூடாது. மூன்று பேரும் ஒரே அடையாளம் போட்டால் சரி என்று எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்களோடு எத்தனை இடத்தில் ஒத்துப்போகிறோம் என்று வெள்ளிக்கிழமைதோறும் ஆளுக்கொரு எண் வரும். எழுபதுக்கு மேல் இருக்க வேண்டும். மூன்று வெள்ளிக்கிழமை தொடர்ந்து குறைந்தால் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதற்கெல்லாம் நாற்பத்தாறு பக்கத்தில் ஒரு கையேடு உண்டு. அதில் இன்னொரு விதி, நூற்றுக்கு ஐந்துக்கு மேல் 'மற்றவை' போடக் கூடாது.

அங்கே ஓர் ஆள் இருக்கிறார், பெயரே 'நூத்துக்கு நூறு'. அவருடைய எண் தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கியதே கிடையாது. ரகசியத்தை அவரே ஒரு நாள் என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார்: "சார், துண்டைக் கேக்கவே கேக்காதீங்க. இதுக்கு மத்த ரெண்டு பேரும் என்ன போடுவாங்கன்னு யோசிங்க. அதைப் போடுங்க." கெட்டிக்காரர். இந்த மாதிரி ஆள் எந்த ஆபீசிலும் முன்னுக்கு வருவார்.

என் வீட்டுக்காரர் நூற்றுக்குப் பதினான்கு 'மற்றவை' போட்டார். ஆபீசில் அவருக்கு 'மத்தவை சார்' என்றே பெயராகிவிட்டது. முதல் வெள்ளி அறுபத்தாறு. இரண்டாவது வெள்ளி அறுபத்து நாலு. வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் பால்கனியில் போய் நின்றார். துணி காயப்போடுகிற கயிற்றை ஏன் பிடித்துக்கொண்டு நின்றார் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அன்றைக்கும் இப்படித்தான் நின்றார். அது மெஷினால் போன வேலை, சரி. இதில் மூன்றாவது வெள்ளியும் குறைந்தால், 'உனக்குக் காது சரியில்லை' என்று சொல்லி அனுப்புவார்கள். இந்த மனுஷனிடம் இருக்கிற சொத்தே காது ஒன்றுதான். அதையும் இல்லை என்று சொல்லிவிட்டால் அவர் எழுந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்ததைத்தான் செய்தேன். கத்தினேன்.

"ஊரோட ஒத்துப் போங்களேன்! எல்லாரும் கோபம்னா நீங்களும் கோபம்னு போட்டா கை என்ன தேஞ்சா போயிரும்? புடிச்ச முயலுக்கு மூணே கால்னு நின்னா எப்படி?"

"அது கோபம் இல்லையே" என்றார்.

துண்டில் கேட்பதை வெளியே சொல்லக் கூடாது. பெயர், ஊர் ஒன்றும் இல்லாமல் ஒன்றை மட்டும் சொன்னார். ஒரு பெண் யாரையோ போனில் வாங்கு வாங்கென்று வாங்குகிறாளாம். 'உனக்கு அறிவிருக்கா, மாத்திரையைப் போடாம என்ன கிழிச்சே, செத்துத் தொலை, எனக்கென்ன' என்று. அதோடு துண்டு முடிந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை எண்ணோடு வந்த பட்டியலில் பார்த்தால், மற்ற இருவரும் கோபம் என்று போட்டிருக்கிறார்கள். இவர் 'மற்றவை' போட்டு, குறிப்பு எழுதுகிற கட்டத்தில், 'இவர் எதிர்முனையில் இருப்பவரின் அக்காவாக இருப்பார், பயந்துபோயிருக்கிறார், ஆனால் பயம் மட்டும் இல்லை' என்று எழுதியிருக்கிறார். அந்தக் கட்டத்தை யாரும் படிப்பதே இல்லையாம். யார் படிப்பார்கள், நாவல் எழுதினால்?

யாரும் படிப்பதில்லை என்று சொன்னேன் அல்லவா, ஒருவர் படித்திருக்கிறார். அங்கே மேற்பார்வை பார்க்கிற மேடம். மொழியியல் படித்தவர், என் மகளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். திங்கட்கிழமை இவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்:

"சார், நீங்க சொல்ற மாதிரி ஒண்ணு இருக்குதுன்னு எனக்கும் தோணுது. ஆனா உங்களுக்குத் தெரிஞ்சா பத்தாது. உங்களைத் தெரியாத மூணு பேருக்கும் அதே இடத்துல தெரியணும். புது அடையாளம் வேணும்னா ஒரு பக்கத்துல விதி எழுதிக் குடுங்க. நூறு துண்டு குடுத்து டெஸ்ட் வைக்கிறேன். மூணு பேரும் எழுபத்தஞ்சு தாண்டி ஒத்துப்போனா சேத்துக்கலாம். புதன்கிழமைக்குள்ள குடுங்க. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்னா என் கையில இல்லை."

'உரிமையோடு திட்டுதல்' என்று எழுதிக் கொடுத்தார். மேடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். "உரிமை எங்க கேக்குது சார்? காட்டுங்க." 'அன்போடு திட்டுதல்' என்று மாற்றினார். "அன்பு எத்தனாவது விநாடியில இருக்கு?" என்று கேட்டார். மேடம் கேட்டதிலும் தப்பில்லை. நமக்குத் தெரிகிறது என்றால் எதை வைத்துத் தெரிகிறது? சொல்லத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை ஆபீஸ் விட்டு வந்ததிலிருந்து இவர் மந்திரித்துவிட்ட கோழி மாதிரி வீட்டில் என் பின்னாலேயே நடந்தார். எங்கே போனாலும் வருகிறார். என்னடா இது, வயதான காலத்தில் இவ்வளவு பாசம் என்று நினைத்தேன். பேதை.

புதன்கிழமை காலை அவர் குளிக்கப் போயிருந்தார். துவைக்கப் போட்ட சட்டையின் பையைத் தடவினேன். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். திறந்தால் அவருடைய முத்து முத்தான கையெழுத்து.

'சனி, காலை 7.40. "எங்கயாவது போய்த் தொலைங்க."

சனி, மாலை 6.15. "கண்ணு என்ன பின்னாடியா இருக்கு?"

ஞாயிறு, பகல் 1.10. "உங்களைக் கட்டிக்கிட்டு நான் என்ன சுகத்தைக் கண்டேன்?"'

பக்கம் பக்கமாக நான்தான். நாலு நாளில் பதினொரு பக்கம். நேரம் முதற்கொண்டு எழுதியிருக்கிறார். எனக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை பற்றிக்கொண்டு வந்தது. அவர் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது நோட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"என்ன இது? விவாகரத்துக்குச் சாட்சி சேக்குறீங்களா?"

"ஐயோ, அது ஆபீஸ் வேலை. வெள்ளிக்கிழமை நீ கத்தினதுலேருந்தே எழுதறேன்..."

"உங்க ஆபீஸ் வேலைக்கு என் வாய்தான் கெடைச்சுதா?"

"அங்கே இருக்கிறதை வீட்டுக்குக் கொண்டு வர முடியாதேம்மா. எனக்குக் கைக்கு எட்டுற தூரத்துல நல்லாத் திட்டுற ஆள் நீ ஒருத்திதான்."

சொல்கிறார் பாருங்கள், பாராட்டுகிற மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னை யாராவது கோபக்காரி என்றால் நான் அழுகிறதில்லை, பழகிவிட்டது. இவர் ஒருவராவது அப்படிச் சொல்லாமல் இருந்தாரே என்றுதான் இத்தனை வருடம் இருந்தேன். இவரும் ஓரமாக உட்கார்ந்து எழுதித்தான் வைத்திருக்கிறாரா?

"எழுதறதுதான் எழுதினீங்க, முழுசா எழுதக் கூடாதா?" என்று கத்தினேன். "சனிக்கிழமை 'போய்த் தொலைங்க'ன்னேன். இல்லேன்னு சொல்லலை. அதுக்கப்புறம் வாசல்வரைக்கும் வந்து 'சாவி எடுத்தாச்சா, கர்ச்சீப் இருக்கா'ன்னு கேட்டேனே, அது எங்க? ஞாயித்துக்கிழமை 'என்ன சுகத்தைக் கண்டேன்'னேன். சொல்லிட்டு 'முட்டி வலிக்குதா, எண்ணெய் தேய்ச்சு விடவா'ன்னு கேக்கலை? அதை ஏன் எழுதலை? என்னைப் பாதியில வெட்டிட்டு மீதியை எங்க போட்டீங்க?"

அவர் அப்படியே நின்றார். இடுப்பில் துண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. நான் சொன்னதில் ஏதோ தப்பு என்று நினைத்துவிட்டேன்.

"வெட்டிடறாங்க" என்றார். "எட்டு விநாடியில வெட்டிடறாங்க. அதான் கேக்க மாட்டேங்குது. நான் ஆஸ்பத்திரியில முழுசாக் கேட்டுக் கேட்டு, வெட்டின இடத்துக்கு அப்புறம் என்ன வரும்னு எனக்குத் தானாத் தெரியுது. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் புரியலை. முதல்ல தலையைத் துவட்டுங்க, சளி புடிச்சுத் தொலையப் போகுது."

"பாத்தியா!" என்று சிறு பிள்ளை மாதிரிக் கையைத் தட்டினார். துண்டு நழுவப் பார்த்தது. அந்த மானக்கேட்டை இங்கே எழுதப் போவதில்லை.

அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறையிலேயே உட்கார்ந்து எழுதினோம். திட்டி முடித்ததும் போனை வைக்காமல், எதிராளியின் உடம்பு, சாப்பாடு, போகிற வழி, கையில் இருக்கிற பொருள், இப்படி எதையாவது பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் அது 'உரிமை'. திட்டிவிட்டு வைத்துவிட்டால் கோபம்.

"வைக்காமத் திட்டிக்கிட்டே இருந்தா?" என்று அவரே கேட்டுக்கொண்டார். பேனா நின்றுவிட்டது.

"போன மாசம் மேல் வீட்டுக்காரன்கிட்ட அரை மணி நேரம் கத்தினேனே, காயப்போட்ட துணி மேல அழுக்குத் தண்ணியை ஊத்தினதுக்கு. அவன்கிட்ட 'சாப்பிட்டியா தம்பி'ன்னா கேட்டேன்? தண்ணி, தண்ணின்னு அதுலயேதானே நின்னேன்?"

'திரும்பத் திரும்ப அதே குற்றத்துக்கே வந்தால், அதுவும் கோபம்' என்று எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு என்னைப் பார்த்த பார்வையை, கல்யாணத்துக்கு அடுத்த வாரம் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

கடைசி வரியாக, துண்டுகள் எட்டு விநாடிக்குப் பதில் முப்பது விநாடி இருக்க வேண்டும் என்று சேர்த்தார். மேடம் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாராம். விதியை ஆபீசில் எல்லாருக்கும் படிக்கக் கொடுத்துவிட்டு, இவர் 'மற்றவை' போட்டவற்றில் அறுபது, நிஜமான கோபம் நாற்பது என்று எடுத்து, முப்பது விநாடியாக நீட்டி, கலைத்துப் போட்டு, வியாழக்கிழமை மூன்று பேருக்குக் கொடுத்திருக்கிறார். அந்த மூன்று பேரில் ஒருவர் யார் தெரியுமா? நூத்துக்கு நூறு. கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காதையே திறக்காத மனுஷன் கையிலா இவருடைய பிழைப்பு?

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். பன்னிரண்டு மணிக்குத்தான் பார்த்தேன். போன் செய்தால் எடுக்கவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு, டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். லிஃப்ட் கிடையாது. மூன்று மாடி ஏறுவதற்குள் முழங்கால் கழன்று கையில் வந்துவிட்டது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்ச் இருந்தது. உள்ளே பன்னிரண்டு நாற்காலியில் ஒன்று மட்டும் காலி. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேடம் உட்கார்ந்திருந்தார், எதிரில் இவர் நின்றுகொண்டிருந்தார். மேடம் கையில் ஒரு தாள். இவர் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறார். நல்லதுக்கு ஆட்டுகிறாரா, கெட்டதுக்கு ஆட்டுகிறாரா? முப்பத்தொரு வருடம் பார்த்த தலை, எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அவராக இருந்தால் என் மூச்சை வைத்தே சொல்லியிருப்பார்.

போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன். வேலை போனால் போகட்டும், ஆனால் இந்த மனுஷனிடம் காது சரியில்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. வேண்டாத தெய்வம் இல்லை.

அவர் வெளியே வந்தார். பெஞ்சில் என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. "என்னாச்சு? மகளுக்கு ஏதாவதா?" என்றார். அவ்வளவுதான், காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்துவிட்டது.

"மகளுக்கு ஒண்ணும் இல்லை, உங்களுக்குத்தான் புத்தி இல்லை! டப்பாவை வெச்சுட்டு வந்துட்டீங்க, போனை எடுக்க மாட்டீங்க, மனுஷி வீட்ல உசிரைக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, உங்களுக்கென்ன! மூணு மாடி ஏறி வந்திருக்கேன், என் முட்டி உங்களைக் கேக்குது! இப்படி ஒரு ஆளைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறதுக்கு நான் எங்கயாவது கண்காணாமப் போயிரலாம்! மணி ரெண்டாகப் போகுது, காலையிலேருந்து பச்சைத் தண்ணியாவது குடிச்சீங்களா, இல்லையா?"

மூச்சு வாங்க நிறுத்தினபோதுதான் கவனித்தேன். பதினோரு தலையும் திரும்பியிருந்தது. ஒருவர் விடாமல் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. இவருக்கு நடந்தது போதாதென்று நான் வேறு வந்து மானத்தை வாங்கிவிட்டேனே.

ஜன்னலோரம் இருந்த வழுக்கைத் தலைக்காரர் முதலில் வாயைத் திறந்தார். "உரிமை" என்றார். அவர்தான் நூத்துக்கு நூறு என்று பிறகு தெரிந்தது. அவர் யாரையும் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை, முதலில் சொன்னதே அவர்தான். பக்கத்தில் இருந்த பெண் "உரிமை" என்றாள். அதற்குப் பின்னால் இருந்தவர், அந்தக் கோடியில் இருந்தவர் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். யாரோ சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை, அந்த வித்தியாசம் எனக்கும் தெரியும்.

மேடம் தாளோடு வந்து நின்றார். "நேத்து மூணு பேரும் நூத்துக்கு எண்பத்திரண்டு இடத்துல ஒண்ணாப் போட்டிருக்காங்கம்மா. அடையாளத்தைச் சேத்தாச்சு. இதுக்கு முன்னாடி கோபம்னு போட்டு வெச்ச பதினோராயிரம் துண்டையும் முப்பது விநாடியா மறுபடி கேக்கணும். அதைப் பாத்துக்கறது சார்தான். அவர் எங்கயும் போகலை."

பதினோராயிரம் பேர். பாதியில் வெட்டியதால் கோபக்காரர் என்று பெயர் வாங்கியவர்கள் அதில் எத்தனை பேரோ. என்னைப் பெற்றவளே, 'இந்தக் கோபக்காரி எந்த வீட்டுல போய் எப்படிக் குப்பை கொட்டப் போறாளோ' என்று சொல்லிச் சொல்லித்தான் வளர்த்தாள். மகளும் போனில் சொல்லியிருக்கிறாள். நானும் அப்படித்தான் என்று நம்பிக்கொண்டே ஐம்பத்து மூன்று வயதாகிவிட்டது. இன்றைக்கு என்னை முன்பின் பார்த்திராத பதினோரு பேர், கடைசிவரைக்கும் கேட்டுவிட்டு இல்லை என்று சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பெஞ்சிலேயே அழுகை வந்தது. முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்.

"இல்லை, இன்னும் ஒண்ணும் சாப்பிடலை" என்றார். "நீ?"